தாருக்கு அடியில் தண்டவாளம்... தெரியுமா?

தமிழ்நாட்டில் 'டிராம்வே' என்று பெயர் வைத்துக்கொண்டு, நீராவியில் ஓடிய பாதை எங்கே இருந்தது தெரியுமா? சென்னை என்று சொல்லத்தானே வாய் திறந்தீர்கள்? இல்லை! பட்டுச் சேலை எடுக்கப் போவோமே, அந்தக் காஞ்சிபுரம்! அதுவும் எப்போது? 1865-ல்! சென்னையில் மின்சார டிராம் மணியடித்துக்கொண்டு வருவதற்கு முப்பது வருஷம் முன்னால்!

1862-ல் 'இந்தியன் டிராம்வே கம்பெனி' என்று ஒன்று முளைத்தது. பெரிய ரயில் கம்பெனிகள் 5 அடி 6 அங்குல அகலத்தில் தாராளமாகப் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். இவர்கள் கணக்கு வேறு. பெரிய பாதையிலிருந்து பக்கத்து ஊருக்கு ஒரு கிளை போட அவ்வளவு செலவு எதற்கு? ஒடுக்கமாக, லேசாக, மலிவாகப் போட்டால் போதாதா? அப்படிப் போட்டதுதான் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 19 மைல். அகலம் 3 அடி 6 அங்குலம். இந்த அளவில் இன்றைக்கு ஜப்பானில் ரயில் ஓடுகிறது, தென்னாப்பிரிக்காவில் ஓடுகிறது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓடுகிறது. குயின்ஸ்லாந்துக்காரர்கள் தங்கள் முதல் ரயிலை விட்டதும் அதே 1865-ல்தான். ஜப்பானில் முதல் ரயில் ஓட இன்னும் ஏழு வருஷம் இருந்தது. நம்ம காஞ்சிபுரம் எந்த வரிசையில் நிற்கிறது பாருங்கள்!

கம்பெனி பிறகு 'கர்நாடிக் ரயில்வே' என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1870-களில் தென்னிந்திய ரயில்வேயோடு கலந்தது. அதற்குள் இந்திய அரசு சிறு பாதைகளுக்கு மீட்டர் கேஜ் என்று முடிவு கட்டிவிட்டதால், காஞ்சிபுரம் பாதையையும் 1878-ல் பிடுங்கி மீட்டர் கேஜாகப் போட்டார்கள். 1,067 மில்லிமீட்டர் 1,000 ஆனது. நான்கு விரற்கடைகூடத் தேறாத வித்தியாசம்! அதற்காக 19 மைல் தண்டவாளத்தையும் அசைத்திருக்கிறார்கள். பிற்பாடு அதுவும் போய் அகலப்பாதை வந்தது. இன்றைக்கு அரக்கோணத்திலிருந்து தக்கோலம், திருமால்பூர் வழியாகக் காஞ்சிபுரம் போகிற மின்சார ரயிலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் ஒரு பழைய 'டிராம்வே'யின் தடத்தில் போகிறோம் என்று? (தக்கோலம் என்றதும் நினைவு வருகிறதா? 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் உயிர்விட்ட போர் நடந்த அதே தக்கோலம்தான். எந்த ஊர் வழியாகப் போனாலும் நமக்கு ஒரு போர்க்களம் வந்துவிடுகிறது.)

சரி, இதில் ஒரு கள்ளக்குறிச்சிக்காரனுக்கு என்ன வேலை? எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரயில் என்றாலே சின்னசேலம். பஸ் பிடித்துப் போய்த்தான் ரயிலைப் பார்க்கவேண்டும். 2019 நவம்பரில் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனது. சின்னசேலத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குப் புதுப்பாதை என்ற பேச்சு அதற்கும் பல வருஷம் முன்னாலிருந்தே நடக்கிறது. ரயில் வருவதைப் பேசிப் பேசியே வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? ரயிலுக்கு முந்தியே தண்டவாளம் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது!

எங்கே என்கிறீர்களா? பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் தொங்குகிறதே, அது என்ன? முதல் மணி, கடைசி மணி எல்லாம் எதில் அடித்தார்கள்? ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டில்தானே! ஓடி முடித்த தண்டவாளத்தை ரயில்வே ஏலம் விடும். அது கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளியில் மணியாகத் தொங்கும். பழைய கடைவீதிக் கட்டடத்தில் உத்திரமாகப் படுத்திருக்கும். தோட்டத்து வேலிக்குக் கல்தூணுக்குப் பதிலாக நிற்கும். அழிந்துபோன பாதைகளைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த இடங்களைத்தான்.

தண்டவாளத்தின் இடுப்பில் எழுத்து இருக்கும், தெரியுமா? பட்டறையில் உருட்டும்போதே பொங்கிய எழுத்தாகப் பதித்துவிடுவார்கள். எந்த ஆலை, எந்த வருஷம், ஒரு கெஜம் எத்தனை ராத்தல் எடை, சில சமயம் எந்த ரயில்வேக்காகச் செய்தது என்பதுவரை அதில் வரும். மீட்டர் கேஜில் 50 ராத்தல், 60 ராத்தல் தண்டவாளங்கள் சாதாரணம். துருவைச் சாக்குத்துணியால் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை ஒட்டிப் பிடித்து, சாக்கட்டியோ பென்சிலோ படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து மேலே வந்துவிடும். நான் ஒரு பள்ளியில் இப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது சத்துணவு ஆயா கேட்டார்: “ஏன் தம்பி, மணிக்குப் போயி மஞ்சத்தண்ணி ஊத்துற மாதிரி இவ்ளோ நேரம் தொடச்சிக்கிட்டு இருக்க?” பாதி எழுத்தைச் சுத்தியல் தின்றிருந்தது. ஐம்பது வருஷம் ஒரே இடத்தில் அடித்தால் எந்த ஆலைக்காரன் பெயர்தான் தாங்கும்?

இனி உண்மையான ரகசியம். ரயில் தண்டவாளத்துக்கும் தெரு டிராம் தண்டவாளத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? தலையில் ஒரு பள்ளம்! ரயில் தண்டவாளம் தரைக்கு மேலே தனியாக நிற்கிறது. சக்கரத்தின் விளிம்பு அதன் பக்கவாட்டில் காற்றில் ஓடும். டிராம் ஓடுவது கடைத்தெருவில். மாட்டு வண்டியும் ஜட்காவும் குறுக்கே போகவேண்டும். அதனால் தண்டவாளத்தைத் தெருவின் மட்டத்துக்கே புதைத்து, விளிம்பு ஓடுவதற்கு மட்டும் தலையிலேயே ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். ஆக, எங்காவது பழைய இரும்புக்கடையில் தலையில் பள்ளத்தோடு ஒரு துண்டு கிடைத்தால், அது காட்டிலும் மேட்டிலும் ஓடியதல்ல. ஏதோ ஒரு நகரத்துத் தெருவைப் பார்த்த துண்டு!

தெருவில் நீராவி எஞ்சின் ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புகை, பொறி, 'புஸ்' என்ற ஆவி, பக்கத்தில் மிரளும் குதிரை, மேலே மாடியில் காயப்போட்ட வேட்டி! 1879-ல் பிரிட்டனில் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். புகை தெரியக்கூடாது. ஆவி தெரியக்கூடாது. சத்தம் கேட்கக்கூடாது. சக்கரங்கள் வெளியே தெரியக்கூடாது. தரைக்கு நான்கு அங்குலம்வரை மறைப்புப் பலகை தொங்கவேண்டும். ஒரு நீராவி எஞ்சினைப் பார்த்து, 'நீ நீராவி எஞ்சினாக இருக்கக்கூடாது' என்று சொன்ன சட்டம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்!

பொறியாளர்கள் விடுவார்களா? நிலக்கரிக்குப் பதில் புகையாத கல்கரியைப் போட்டார்கள். எஞ்சின் கூரைமேல் செப்புக் குழாய்களை அடுக்கி, வேலை முடிந்த ஆவியை அதற்குள் விட்டுக் குளிரவைத்துத் தண்ணீராக்கினார்கள். மொத்த எஞ்சினையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். எஞ்சினைத் திருப்ப தெருவில் இடம் ஏது? அதனால் இரண்டு பக்கமும் நின்று ஓட்டும்படி செய்தார்கள். வேகம் கூடினால் தானாகவே நீராவியை அடைக்கிற கவர்னர் வேறு. இந்த எஞ்சின்களில் பலவற்றைச் செய்த லண்டன் மெர்ரிவெதர் கம்பெனிக்கு முதல் தொழில் என்ன தெரியுமா? தீயணைப்பு வண்டி செய்வது! தெருவில் நெருப்போடு ஓடுகிற வண்டியைத் தீயணைப்புக்காரர்களிடமே செய்யக் கொடுத்திருக்கிறார்கள்!

இதைவிட ஆச்சரியம்: குதிரை போய் நீராவி வந்தது, நீராவி போய் மின்சாரம் வந்தது என்றுதானே நாம் வரிசையாகப் படித்திருக்கிறோம்? கராச்சியில் தலைகீழ்! அங்கே 1885 ஏப்ரலில் டிராம் திறந்ததே நீராவியில்தான். சத்தம் தாங்கமுடியவில்லை என்று ஜனங்கள் கூச்சல் போட, அடுத்த வருஷமே எஞ்சினை ஓரங்கட்டிவிட்டுக் குதிரையைப் பூட்டினார்கள்! அப்புறம் அங்கே மின்சாரம் வரவேயில்லை. நேராகப் பெட்ரோல் டிராமுக்குப் போய்விட்டார்கள். அது 1975 வரை ஓடியது.

கல்கத்தாவிலும் இதே கதைதான். 1873 பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை டிராம் விட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் மூடிவிட்டார்கள். 1880-ல் மறுபடி கம்பெனி அமைத்து ஆரம்பித்தார்கள். வங்காளத்து வெயிலில் ஆஸ்திரேலியக் குதிரைகள் நுரை தள்ளின. 1882-ல் நீராவியை வெள்ளோட்டம் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. அந்த நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி கையில் இருந்த கணக்கைப் பாருங்கள்: 166 வண்டி, 1,000 குதிரை, ஏழே ஏழு நீராவி எஞ்சின்! ஆயிரம் குதிரைக்குப் புல் வாங்குவது ஏழு எஞ்சினுக்குக் கரி வாங்குவதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. 1902-ல் மின்சாரம் வந்துதான் இரண்டையும் வீட்டுக்கு அனுப்பியது.

ரங்கூனில் 1884-ல் நீராவி டிராம். சிங்கப்பூரில் 1886-ல். இரண்டுமே தமிழர்கள் கூலிக்கும் வியாபாரத்துக்கும் கப்பல் ஏறிப்போன ஊர்கள். சிங்கப்பூர் டிராமைத் தோற்கடித்தது யார் தெரியுமா? மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா! நிற்கிற இடத்தில் ஏறி, வீட்டு வாசலில் இறங்கலாம், கட்டணமும் கம்மி. மெர்ரிவெதர் எஞ்சினால் எட்டு வருஷம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. 1894-ல் மூட்டை கட்டிவிட்டது. மின்சார டிராம் வந்தது அதற்கப்புறம், 1905-ல்.

பினாங்குக்குப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள். ஜார்ஜ் டவுனிலும் 1880-களில் நீராவி டிராம் ஓடியது. 1906-ல் மின்சாரத்துக்கு மாறி, 1936-ல் நின்றது. 2004-ல் தெருவேலைக்குத் தோண்டும்போது தாருக்கு அடியிலிருந்து பழைய டிராம் தண்டவாளம் எழுந்து வந்தது! எந்த இடத்தில்? பினாங்கு ரோடும் சூலியா தெருவும் சந்திக்கிற முனையில். சூலியா என்றால் யார்? நாகூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் போன நம்ம தமிழ் முஸ்லிம்கள்! பிடுங்கி எடைக்குப் போடாமல், அப்படியே வெளியே தெரியவிட்டு வைத்திருக்கிறார்கள். நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சென்னையை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். சென்னை நேராக மின்சாரத்திலேயே குதித்த ஊர். 1895 மே 7! இந்தியாவின் முதல் மின்சார டிராம். லண்டனில் அன்றாட மின் டிராம் சேவை 1901-ல்தான். ஆரம்பத்தில் கம்பி மேலே இல்லை, தெருவுக்கு அடியில் ஒரு கால்வாயில் போனது. ஐப்பசி மழை வந்ததும் என்ன ஆகியிருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்புறம்தான் மேலே கம்பி கட்டினார்கள். 1921 வாக்கில் 24 கிலோமீட்டரில் 97 வண்டிகள். 1953 ஏப்ரல் 12-ல் நின்றது. டிராம் கம்பி கட்டிய ஊர்களில் ஒரு தடயம் உண்டு: பழைய மாடிக் கட்டடங்களின் சுவரில், முதல் மாடி உயரத்தில், பூப்போல வார்த்த இரும்பு வளையம் பதித்திருக்கும். தெருவின் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் இழுத்துக் கட்டி நடுவில் மின்கம்பியைத் தொங்கவிட்டது அதில்தான். கொடிக்கயிறு கட்ட என்று நினைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறார்கள். நீராவி டிராமுக்கு இந்தத் தடயம் கிடையாது. அதற்குத் தரையைத்தான் பார்க்கவேண்டும்.

இப்போது மலைக்கு ஏறுவோம். 'டிராம்வே' என்ற பெயரைக் காட்டுக்குள்ளும் கொண்டுபோனார்கள் என்று தெரியுமா? கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம்வே, 1907-ல் தொடங்கி 1963 வரை! சாலக்குடி ரயில் நிலையத்திலிருந்து பரம்பிக்குளம் காடுவரை 49½ மைல். மீட்டர் கேஜ். ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் எஞ்சின்கள். சமவெளியில் எஞ்சின் இழுக்கும். செங்குத்தான சரிவில் எஞ்சினே வேண்டாம்! தேக்கு மரம் ஏற்றிய வண்டியைக் கம்பியில் கட்டி மேலிருந்து விடுவார்கள். அது இறங்குகிற கனத்திலேயே கம்பியின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறிவிடும்! கரி இல்லை, புகை இல்லை. கீழே இறங்கும் மரமே மேலே ஏறுகிற வண்டிக்குக் கூலி கொடுத்துவிடுகிறது. இத்தனை அழகான ஏற்பாட்டை நூறு வருஷம் முன்னால் நடுக்காட்டில் செய்திருக்கிறார்கள்.

மூணாறு இன்னும் வேடிக்கை. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி! 1908-ல் அதை 610 மில்லிமீட்டர் அகலச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை அதில் தேயிலைப் பெட்டி வரும். அங்கிருந்து கம்பிவழி கீழே கொட்டக்குடிக்கு இறங்கும். அப்புறம் போடிநாயக்கனூர்! 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் ரயில் மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவேயில்லை. பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இன்றும் நிற்கிறது. டாப் ஸ்டேஷனுக்கு மேகம் பார்க்கப் போகிறவர்கள் 'ஸ்டேஷன் எங்கே?' என்று கேட்பதேயில்லை.

அப்படியானால் எங்கள் கல்வராயன் மலைக்கு ஏன் இப்படி எதுவும் நடக்கவில்லை? சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. காடும் உண்டு, சரக்கும் உண்டு. கடுக்காய், புளி, தேன், சாமை, தினை. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சேராப்பட்டுக்கும் தார்ச்சாலை வருவதற்கு முன்னால் இவையெல்லாம் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறங்கியவை. என் கணக்கு இது: தண்டவாளம் சரக்கைப் பார்த்து வருவதில்லை, சரக்கு யாருடையது என்று பார்த்து வருகிறது. கொச்சியில் தேக்கு ராஜாவுடையது. கஜானாவிலிருந்து பணம் வந்தது. மூணாறில் தேயிலை ஐரோப்பியக் கம்பெனியுடையது. பங்குதாரர் பணம் வந்தது. கல்வராயனோ சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. கடுக்காய் பொறுக்கியவர் மலையாளிப் பழங்குடி. அவர் தலையில் இருந்த மூட்டைக்காக லண்டனில் யார் பங்கு வெளியிடப் போகிறார்கள்?

ஒரு மூச்சு விட்டுக்கொண்டு இதைக் கேளுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஓடமுடியுமா? பாட்டியாலாவில் ஓடியது! 1907 முதல் 1927 வரை. தண்டவாளம் சாலையின் ஓரத்தில். எஞ்சினின் எடை கிட்டத்தட்ட முழுதும் அதன்மேல். சாயாமல் இருக்க, பக்கவாட்டில் நீட்டிய கையில் ஒரு பெரிய சக்கரம். அது சாலையில் உருளும். முதலில் மகாராஜாவின் கோவேறு கழுதைகள் இழுத்தன, பிறகு எஞ்சின். மோட்டார் வந்ததும் பாதை போனது. முப்பத்தைந்து வருஷம் பொதுப்பணித்துறைக் கொட்டகையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த எஞ்சினை 1962-ல் மைக் சாட்டோ என்ற ரயில் வரலாற்று ஆர்வலர் கண்டெடுத்தார். அமிர்தசரஸ் பணிமனையில் சரிசெய்தார்கள். இப்போது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓடுகிற நிலையில்! கொட்டகையின் பூட்டைத் திறந்து பார்த்த ஒருவரால் கிடைத்தது அது.

தமிழ்நாட்டிலும் இப்படி மறைந்துபோன சின்னப் பாதை ஒன்று உண்டு. திருச்செந்தூர் - குலசேகரன்பட்டினம் - திசையன்விளை! பாரி கம்பெனியின் சின்ன ரயில். எதற்காகத் தெரியுமா? கருப்பட்டிக்காக! பனங்காட்டிலிருந்து கருப்பட்டியைக் குலசேகரன்பட்டினம் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோக. முதல் உலகப் போர்க் காலத்தில் ஓட ஆரம்பித்து 1940-ல் நின்றது. அதே குலசேகரன்பட்டினத்தில் இப்போது இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கருப்பட்டி ரயில் போன தேரி மண்ணிலிருந்து ராக்கெட்!

இன்னும் பின்னால் போகட்டுமா? 1837! செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுவதற்கான செம்பாறைக் கல் ஏற்றிவந்த பாதை. காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன்தான் பொறியாளர். அதில் ஒரு நீராவி எஞ்சினையும் ஓட்டிப் பார்த்தார்கள். பம்பாய் - தாணே ரயிலுக்குப் பதினாறு வருஷம் முந்தி! இந்தியாவின் முதல் ரயில்பாதை சுமந்தது மனிதரை அல்ல, சாலைக்கான கல்லை. சாலை போட்டு முடித்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது.

சரி, உங்களுக்கும் தேடும் ஆசை வந்துவிட்டதா? எங்கே போகவேண்டும் தெரியுமா? முதலில் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ்கள் அங்கே. எந்தக் கம்பெனிக்கு எந்த ஊரில் பாதை போட அனுமதி என்பது அரசிதழில் வராமல் போகாது. 1886-ல் இந்திய டிராம்வே சட்டம் வந்த பிறகு இது இன்னும் சுலபம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள். எங்கள் பக்கத்துக்கு என்றால் 1878-ல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, 1906-ல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியர். அப்போது கள்ளக்குறிச்சி வெறும் தாலுகா. 'போக்குவரத்து' அத்தியாயத்தைத் திறந்தால் எந்தச் சாலையில் வண்டி போகும், எந்தக் கணவாயில் மூட்டை போகும் என்றெல்லாம் இருக்கும். நடக்காமல் போன ரயில் திட்டங்கள்கூட இந்த மாதிரிப் புத்தகங்களில்தான் தூங்கும்.

ஆனால் காப்பகத்தைவிட எனக்குப் பிடித்தது தாலுகா ஆபீஸ்! பாதையைப் பிடுங்கலாம், தண்டவாளத்தை ஏலம் விடலாம், பாலத்து இரும்பைக் கழற்றிப் போகலாம். புல எண்ணை யாரும் கழற்றிப் போகமுடியாது. வயல் எல்லாம் சதுரமும் செவ்வகமுமாக இருக்கிற கிராமத்துப் படத்தில் ஒரே ஒரு புலம் மட்டும் ஒல்லியாக, நீளமாக, ஊர் எல்லையில் நுழைந்து மறு எல்லையில் வெளியேறும். கூர்மையாகத் திரும்பவே திரும்பாது. எஞ்சினால் திரும்பமுடிகிற அளவுக்குத்தான் வளையும். வாய்க்கால் மேட்டைச் சுற்றிப் போகும், வண்டிப்பாதை வேப்பமரத்தைச் சுற்றிப் போகும். இது எதையும் சுற்றாது. கிராமத்து நிலப் பதிவேடான அ-பதிவேட்டை எடுத்து அந்த எண்ணைப் பார்த்தால் 'ரயில்வே புறம்போக்கு' என்று இருக்கும். சில இடத்தில் 'பாதை' என்று மாறியிருக்கும். அந்தக் கோட்டின்மேல் இப்போது வரிசையாக வீடு இருந்தாலும், பட்டா கேட்டு நிற்கிறவர்களுக்கு அது பழைய ரயில் நிலம் என்பது மறக்காது. ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம் டீ வாங்கிக்கொடுத்துப் பேசினால், எந்த வரலாற்றுப் பேராசிரியருக்கும் தெரியாத ரயில் பாதை அவர் வாயிலிருந்து வரும். 'அந்த நெம்பர்ல தான் சார் தினமும் தகராறு' என்று!

இப்போதெல்லாம் புலப்படத்தை அரசின் இ-சேவைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கோடு கிடைத்தால், வெயில் தாழக் கிளம்புங்கள். கையில் சாக்கட்டி, வெள்ளைத்தாள், ஒரு அளவு நாடா போதும். பழைய மதகு, பாலத்துக் கல், வாசற்படியில் புதைத்த இரும்பு எதையும் விடாதீர்கள். ஜோடியாக இரண்டு தண்டவாளம் இடம் மாறாமல் கிடைத்தால் உள்பக்கம் அளந்து பாருங்கள். 610 காட்டினால் மூணாறு மாதிரி மலை ரயிலின் உறவு. 1,000 காட்டினால் பாதி இந்தியா அதற்குச் சொந்தம் கொண்டாடும். 1,067 காட்டினால் காஞ்சிபுரத்துக்கு முதலில் சொல்லுங்கள். எந்த எண் வந்தாலும் கடைசியாகத் தலையைத் தடவிப் பார்த்துவிடுங்கள், நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று.